அதே சோகம், ரெண்டு சைஸ் பெருசு

காலைக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்குங்க, மூட்டை மேல படாம. இல்லீங்க, உடையற சாமான் ஒண்ணும் இல்ல. டீ-சர்ட்டுதான், அறுபது பீஸ். மடிப்புக் கலைஞ்சா எனக்கு மனசு கேக்காது. இருபத்திரண்டு வருஷமா திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கற ஆளு நான். பேரு சென்னியப்பன். மடிப்பு நேரா இல்லாத துணியைப் பாத்தா எனக்குத் தூக்கம் வராது. தூக்கம் எப்படியும் வராதுன்னு வெச்சுக்குங்க. நைட் ஷிஃப்ட்டுக்காரனுக்கு ராத்திரி வேலை, பகல்ல கொசு.

கோயமுத்தூர்தானுங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் போறேன். ஆர்.எஸ்.புரத்துல ஒரு காப்பிக்கடை மாடி. அஞ்சு மணிக்கு என் மக மைதிலி அங்க பாடறா. அவளும் இன்னும் மூணு பேரும் சேந்து ஒரு பேண்டு வெச்சிருக்காங்க. அவ எங்கூடப் பேசி நாலு மாசம் ஆச்சுங்க. என் நம்பரையே தடுத்து வெச்சுட்டா. இந்த மூட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தா பேசிருவான்னு ஒரு நம்பிக்கை. பேசலைன்னா அறுபதையும் தூக்கிட்டு இதே பஸ்ல திரும்பி வரணும். அதைப் பத்தி இப்ப நினைக்கல. அவினாசி தாண்டட்டும்.

கடலையா? வேண்டாமுங்க, நீங்க சாப்பிடுங்க. பல்லு இடுக்குல மாட்டிக்கும்.

என்ன பாட்டுங்களா? எமோ. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சோகப் பாட்டுதான். ஆனா வெறும் சோகப் பாட்டுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். கோழிக்குழம்பைப் பாத்து தண்ணின்னு சொன்ன மாதிரி.

எண்பத்தஞ்சு வாக்குலங்க, அமெரிக்காவுல வாஷிங்டன்னு ஊரு. அங்க பங்க்குன்னு ஒரு பாட்டு இருந்துச்சு. போலீஸைத் திட்டறது, கவர்மென்ட்டைத் திட்டறது, மேடையில இருந்து கூட்டத்து மேல குதிக்கறது. பாடறவனும் சண்டைக்கு வருவான், கேக்கறவனும் சண்டைக்கு வருவான். அதுல சில பசங்களுக்கு என்ன ஆச்சோ தெரியல, எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவனையே திட்டறதுன்னு, அதே சத்தத்துல அழ ஆரம்பிச்சுட்டாங்க. அதுதான் முதல் அலை. எமோன்னு பேரு வெச்சது அவங்களுக்கே பிடிக்கல. இன்னைக்கு வரைக்கும் எமோக்காரன் எவனையாவது பாத்து நீ எமோவான்னு கேளுங்க, இல்லைம்பான். குடிச்சவன் குடிக்கலைங்கற மாதிரிதான்.

தொண்ணூறுகள்ல ரெண்டாவது அலை. அது மிட்வெஸ்ட், அமெரிக்காவோட நடுப்பக்கம். நம்ம காங்கேயம், வெள்ளக்கோயில் மாதிரி தட்டையான பூமி, பொழுதோட செய்யறதுக்கு ஒரு சோலியும் இல்லாத ஊருங்க. பசங்க என்ன பண்ணுவாங்க? கிதார்க் கம்பியைக் கண்டபடி முறுக்கி வெச்சு ஒவ்வொண்ணாத் தட்டினாங்க, ஓட்டு வீட்டுல மழை சொட்டற மாதிரி. பாட்டை விடப் பாட்டோட பேரு நீளமா இருக்கும். 'நீ போன அன்னைக்கு ஃப்ரிட்ஜுல பால் இருந்துச்சு' அப்படிங்கற கணக்கா. அதே காலத்துல பக்கத்துல ஸ்க்ரீமோன்னு ஒரு கிளை. ஒண்ணரை நிமிஷம் கத்துவான், பாட்டு முடிஞ்சுரும். என் சம்சாரம் சுலோச்சனா ஒரு தடவை கேட்டுட்டு, "பக்கத்து ஊட்டுல யாரையோ போட்டு அடிக்கறாங்க, போயி விலக்கி உடுங்க"ன்னா. அவளுக்குப் பாட்டு ஞானம் கம்மிங்க.

எனக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்கறீங்க? நான் ஒம்பதாவது ஃபெயிலு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது டீ-சர்ட்டுங்க.

ரெண்டாயிரத்து நாலு. செக்கிங்ல சேந்த மறு வருஷம். இதைப் பாருங்க, பாக்கெட்லயே இருக்கு, எப்பவும் இருக்கும். சின்னச் சின்ன சிவப்பு அம்பு, ஸ்டிக்கர். துணியில எங்க குறை இருக்குதோ அங்க அம்பை ஒட்டிருவோம். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப் போனது, பிரிண்ட் விட்டுப் போனது, எல்லாத்துக்கும் அம்பு. மைதிலி சின்னப் புள்ளையா இருந்தப்ப, நான் பகல்ல தூங்கிட்டிருப்பேன், என் பாக்கெட்ல இருந்து எடுத்து என் நெஞ்சு மேல வரிசையா ஒட்டி வெச்சுருவா. எந்திரிச்சுப் பாத்தா உடம்பு பூரா அம்பு. விளையாட்டுப் புள்ளை.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டாயிரத்து நாலு. கறுப்பு டீ-சர்ட்டு, மூவாயிரம் பீஸ், அமெரிக்கா ஆர்டர். பாத்தா பிரிண்ட் பூரா வெடிச்சிருக்கு. வறண்ட ஏரி மாதிரி. எனக்கு வேர்த்துருச்சு. ஒண்ணு விடாம அம்பு ஒட்டினேன். விடியறப்ப மெர்ச்சண்டைசர் ஃபெலிக்ஸ் வந்தாரு. பையர்னா சரக்கு எடுக்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன், அவன்கிட்ட ஆர்டரை வாங்கி எங்ககிட்டச் செய்ய வெக்கறவரு இவருதான். பாத்தவுடனே தலையில கை வெச்சுட்டாரு.

"யோவ் சென்னியப்பா, என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"அத்தனையும் வெடிச்சிருக்குதுங்க சார். ஒரு பீஸ் தேறாது."

"வெடிச்சாத்தான்யா பையரே எடுப்பான்! அதை வெடிக்க வெக்கறதுக்குத் தனியா மருந்து வாங்கிப் போட்டிருக்கேன். டேமேஜ்தான்யா ஸ்டைலு!"

மூவாயிரம் அம்பையும் நானே உரிச்சேன். நகமெல்லாம் பசை. உரிச்சுட்டே யோசிச்சேனுங்க. உடைஞ்சதை உடைஞ்சதுக்காகவே தேடி வாங்கிப் போடற மனுஷன் எவன்? அவனுக்கு அப்படி என்ன ஆச்சு? ஃபெலிக்ஸ் சார் சிரிச்சுட்டு, சாம்பிள் பெட்டியோட வந்த சி.டி. ஒண்ணைக் கையில கொடுத்தாரு. அன்னைக்குப் பிடிச்சதுதான். ஒரு காதுல ஹெட்செட்டு, மறு காதுல மெஷின் சத்தம். எனக்கு ஏன் பிடிச்சதுன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது. யாரோ ஒருத்தன் எனக்குப் பதிலா அழுதுட்டிருந்தான், நான் பாட்டுக்கு வேலையைப் பாத்துட்டிருந்தேன். சௌகரியமா இருந்துச்சு.

என் இங்கிலீசும் அதுல வந்ததுதான். அதனால ஒரு வம்பு ஆயிருச்சு. வெளிநாட்டு அம்மா ஒருத்தி கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வந்தாங்க. ஆளுங்களைத் தனித்தனியா உக்கார வெச்சு, இங்க சந்தோசமா இருக்கீங்களான்னு கேப்பாங்க. எல்லாரும் மொழிபெயர்ப்பு ஆளு வெச்சுச் சொன்னாங்க. நான் நேரா இங்கிலீசுல சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அந்தப் பாட்டு வரிங்கதானுங்களே. உள்ளுக்குள்ள நான் சுக்குநூறாகிட்டிருக்கேன் மேடம், நான் கத்தறது இந்தச் சுவருக்குக் கூடக் கேக்கறதில்ல, ஆனாலும் உங்களை மன்னிக்கிறேன்னேன். நல்ல உச்சரிப்பு வேற. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மறு வாரம் செக்கிங் செக்சனுக்கு நாலு ஃபேனு, ஒரு தண்ணி மெஷினு, மனசு ஆறுதல் சொல்றதுக்கு வாரம் ஒரு தடவை ஒரு டாக்டர். முதலாளி ஒரு மாசம் என்னைப் பாத்தா வேற வழியாப் போனாரு.

மூணாவது அலை எங்க கை வழியாத்தான் போச்சு. நாலுல இருந்து எட்டு வரைக்கும். அதுதான் ஊருக்கெல்லாம் தெரிஞ்ச எமோ. முடியைக் கண்ணு மேல இழுத்து விட்டுக்கறது, ஆம்பளைப் பசங்க மை தீட்டிக்கறது, மண்டை ஓடு, ரோசாப்பூ, கறுப்பு. டீ-சர்ட்டு வருஷத்துக்கு வருஷம் சின்னதாயிட்டே வந்துச்சு. ஒரு சீசன்ல வளர்ந்த ஆளுக்கு முப்பத்திரண்டு இஞ்சு. நான் ஃபெலிக்ஸ் சாருகிட்டக் கேட்டேன், "ஏனுங் சார், இதைப் போட்டுட்டு எப்படி மூச்சு விடுவான்?" "மூச்சு விட முடியாமத்தான்யா பாடறான்"ன்னாரு.

ஒம்பதுல பட்டுன்னு நின்னுருச்சு. ஒரு ஆர்டர் இல்ல. அந்தப் பசங்க எங்க போனாங்க, சரியாயிட்டாங்களா, ஒண்ணும் தெரியல. அப்புறம் நாலாவது அலைன்னு பழைய மிட்வெஸ்ட் திரும்பி வந்துச்சு. அவங்க டீ-சர்ட்டு நூறு, நூத்தம்பதுன்னுதான் அடிப்பாங்க, நம்ம கம்பெனிக்குக் கட்டாது. நடுவுல எமோ ராப்புன்னு ஒண்ணு. கிதாரையும் அழுகையையும் எடுத்துக்கிட்டாங்க, பாடறதுக்குப் பதிலா முனகினாங்க, அதுக்குத் தொளதொளன்னு டீ-சர்ட்டு. இப்ப அஞ்சாவது அலைங்கறாங்க, அதுல எல்லாத்தையும் கலந்து அடிக்கறாங்க.

ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல ஒரு ராத்திரி பெட்டியைப் பிரிக்கறேன், அதே டிசைனுங்க! ரெண்டாயிரத்து நாலுல நான் அம்பு ஒட்டின அதே வெடிச்ச பிரிண்ட்டு. அந்த பேண்டு மறுபடியும் ஒண்ணு சேந்து ஊர் ஊராப் போறாங்களாமா. எழுத்து மாறல, வெடிப்பு மாறல. சைஸைப் பாத்தேன். எக்ஸ் எல். டபுள் எக்ஸ் எல். ட்ரிபிள் எக்ஸ் எல். முப்பத்திரண்டு இஞ்சுல அழுத பையன் தொப்பையோட திரும்பி வந்திருக்கான். அதே சோகம், ரெண்டு சைஸ் பெருசு. நான் தனியா நின்னு சிரிச்சேன். அப்புறம் என் சட்டையோட காலர்ல சைஸைப் பாத்தேன். சரி, விடுங்க.

தெக்கலூரு வந்துருச்சு பாருங்க.

மைதிலிக்கு நான்தான் இதெல்லாம் பழக்கினேன். மூணு வயசுலயே அவ காதுல ஹெட்செட்டு. அவ பேச வந்தாலும், இரு கண்ணு, இந்த இடத்துல ட்ரம்ஸ் எப்படி வருதுன்னு கேளும்பேன். கோயமுத்தூர்ல காலேஜு. பி.எஸ்சி.யோ பி.காமோ, கம்ப்யூட்டரும் கூடச் சேந்து வரும். ரெண்டாவது வருஷம். இல்ல, மூணாவதா இருக்கணும். ஹாஸ்டல்தான். கெட்டிக்காரி.

நாலு மாசம் முன்னால அவளோட பேண்டு முதல் பாட்டை வெளிய விட்டாங்க. போன்ல அனுப்பினா. 'மூடி வெச்ச தட்டு'ன்னு பேரு. நான் அடுப்படியில உக்காந்து சத்தமா வெச்சேன். சுலோச்சனா தோசை சுட்டுட்டிருந்தா. நாலு வரி எனக்கு மனப்பாடம்:

"உலகத்துச் சோகத்துக்கெல்லாம் பேரு தெரியும் உனக்கு,
உம் புள்ளை என்ன படிக்கறான்னு தெரியுமா?
தட்டு மூடியிருக்கு, நாற்காலி காலியா இருக்கு,
ஒரு காதையாவது கழட்டி வையேன்."

பாட்டு முடியறப்ப சுலோச்சனா அடுப்பை அணைச்சுட்டுக் கீழ உக்காந்துட்டா. தோசை பாதி வெந்து நிக்குது.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலீங்களா?"ன்னா.

"தோணுது"ன்னேன். "கிதார் மிட்வெஸ்ட்டு, பாடறது மூணாவது அலை. ரெண்டும் ஒட்டல."

அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. அவளுக்குப் பாட்டு ஞானம் கம்மின்னு சொன்னேன்ல.

வரியும் கொஞ்சம் மிகைதானுங்க. எந்த அப்பன் அப்படி இருப்பான்? நம்பற மாதிரி எழுதணும். ஆனா மக அனுப்பியிருக்கா, சும்மா நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறவன் நான் இல்ல. பதினோரு தடவை கேட்டேன். பேப்பர் எடுத்து, கம்பெனியில எழுதற மாதிரியே ரிப்போர்ட் எழுதினேன். எங்ககிட்ட ஒரு அட்டவணை இருக்குதுங்க, இத்தனை பீசுக்கு இத்தனை குறை வரைக்கும் மன்னிக்கலாம்னு. பெரிய குறை மூணு, சின்னக் குறை ஏழு. அட்டவணைப்படி மன்னிக்க முடியல. கீழ முடிவுங்கற இடத்துல 'ரிஜெக்ட். சரி செய்து மறுபடி காட்டவும்'னு போட்டுக் கையெழுத்து வெச்சு, போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பாத்துட்டா. அதுக்கப்புறம் அவளோட போட்டோவே என் போன்ல வர்றதில்ல.

நீங்க ஏனுங்க நெத்தியில கை வெக்கறீங்க? தலைவலியா? ஜன்னலைத் திறங்க.

போன வாரம் சுலோச்சனாகிட்டப் பேசியிருக்கா. இன்னைக்குக் கச்சேரியில விக்கறதுக்கு அறுபது டீ-சர்ட்டு வேணும், அங்க அடிக்கறவங்களுக்கு நேரமில்ல, 'உன் வீட்டுக்காரரால' முடியுமான்னு கேட்டாளாமா. உன் வீட்டுக்காரர்! சரி, கேட்டாளே. டிசைன் வந்துச்சு. கறுப்புல வெள்ளைக் கோடு. ஒரு சாப்பாட்டு மேசை. மேல ஒரு தட்டு, அதை இன்னொரு தட்டு மூடியிருக்கு. பக்கத்துல ஒரு நாற்காலி. அவ்வளவுதான். கோடெல்லாம் நடுங்கி நடுங்கி வெடிச்சிருந்துச்சு. அதை நான் தொடல. ரெண்டாயிரத்து நாலுல பட்டவனாச்சே.

ஆனா அந்த நாற்காலிங்க. சோறு போட்டு மூடி வெச்சிருக்கு, நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கு, ஆளைக் காணோம். எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு. மிஸ்ஸிங் பிரிண்ட். பிரிண்ட்ல ஒரு பாகம் விழாம விட்டுப் போறது. பெரிய குறை அது, கண்ணை மூடிட்டு அம்பு ஒட்டலாம். பையரோட டிசைன்ல கை வெக்கக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு சட்டம். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புள்ளி மாத்தினவன் இல்ல நான். ஆனா அவகிட்டக் கேக்கலாம்னா நம்பரு தடுத்திருக்கு. மக பேரு கெட்டுப் போகக் கூடாதுல்ல?

ஞாயித்துக்கிழமை நானே போயி அந்த மேசையில உக்காந்தேன். எங்க வீட்டு மேசைதானுங்க, டிசைன்ல இருந்தது அதுதான், கால்ல முட்டுக் கொடுத்த அட்டை வரைக்கும் வரைஞ்சிருந்தா. வேற ஆளுக்கு எங்க போறது? ஹெட்செட்டு ஃபோட்டோவுல நல்லா விழாதுன்னு கழட்டி வெச்சேன். சுலோச்சனாவைப் போன்ல படம் எடுக்கச் சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சுட்டே எடுக்கறா. "எதுக்கு இப்ப அழுவறே?"ன்னேன். "வெங்காயம்"னா. அன்னைக்கு வெச்சது பருப்புக் குழம்பு. படம் எடுத்தப்புறம், வந்ததுக்குச் சாப்பிட்டே போங்கன்னா. சாப்பிட்டோம். அவ என்னென்னமோ பேசினா, பக்கத்து வீட்டு நாயி, அவ முட்டி வலி, இது, அது. நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மேசையில கடைசியா எப்ப உக்காந்தேன்னு யோசிச்சேன், ஞாபகம் வரல.

அந்தப் படத்தைப் பாத்து வரைய வெச்சு, நாற்காலியில சேத்து, அறுபதையும் நானே அடிச்சேன். ஆளு கொஞ்சம் கூன் போட்டு உக்காந்திருக்கான், ஆனா காலியா இல்ல.

இதோ, இன்னொரு பேப்பரும் எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். மறு பரிசோதனை ரிப்போர்ட். பாட்டை மறுபடி கேட்டேன், சின்னக் குறையில ரெண்டைக் குறைச்சுட்டேன். கச்சேரிக்கு முன்னாடி அவகிட்டப் படிச்சுக் காட்டலாம்னு. என்னங்க, வேண்டாம்னு தலையாட்டறீங்க? நீங்களும் எமோ கேப்பீங்களா என்ன?

ஒரு நிமிசமுங்க, போன் அடிக்குது. நீலாம்பூர்ல எப்பவும் சிக்னல்... ஐயோ. அவதான். அவளேதானுங்க.

அலோ. சொல்லு கண்ணு. பஸ்ல. நீலாம்பூரு. ஆமா, மூட்டை காலடியிலதான் இருக்கு. அம்மா போட்டோ அனுப்பினாளா? நாற்காலியா? இல்ல சாமி, மிஸ்ஸிங் பிரிண்ட்டுன்னு நினைச்சுட்டேன். சோறு போட்டு வெச்சிருக்கே, ஆளு இல்லையேன்னு. நான்தான். வேற ஆளு கிடைக்கல. ஆமா, நம்ம வீட்டுலதான். சும்மா உக்காரல, சாப்பிட்டேன். இல்ல, ஆறல. சூடாத்தான் இருந்துச்சு.

அலோ? மைதிலி? கேக்குதா?

அழுவாத கண்ணு, பாடறதுக்கு முன்னால அழுதா தொண்டை கட்டிக்கும். சரி. சரி, ஒண்ணும் சொல்லல. சிரிக்கறயா அழுவறயா, ஒண்ணு பண்ணு. இனி மாத்த முடியாது, அறுபதும் அடிச்சாச்சு. சரி.

கண்ணு, வெச்சுறாத. ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காத. நீ இப்ப... எத்தனாவது வருஷம் படிக்கறே?

ம்.

ம்.

சரி. வர்றேன்.

...

படிப்பு முடிஞ்சுருச்சாமாங்க. போன மே மாசமே. கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கின போட்டோ எங்க வீட்டுல டி.வி. பக்கத்துலயே மாட்டியிருக்காமா. அது ஏதோ பேண்டு போஸ்டருன்னு நினைச்சுட்டிருந்தேன். இப்ப வேலைக்குப் போறாளாமா. கம்ப்யூட்டர் கம்பெனி. ராத்திரி ஷிஃப்ட்டாமா, அவளும்.

வாங்கன்னு சொல்லிட்டா. "வாங்க, முன்னாடி வந்து நில்லுங்க, ரிப்போர்ட் மட்டும் எடுத்துட்டு வராதீங்க"ன்னா.

இந்தாங்க, இந்தப் பேப்பரை வெச்சுக்குங்க. கடலைத் தோலை எல்லாம் இதுல போட்டுக் கசக்கிருங்க, பஸ்ல போட்டா கண்டக்டர் சத்தம் போடுவாரு. எழுத்துப் பக்கம் மேல வந்தாலும் பரவால்ல.

ஹோப் காலேஜ் வந்துருச்சா? மூட்டையை இழுத்துக்கறேன். ஒரு கை கொடுங்க. இருங்க, இருங்க, ஒண்ணு மறந்துட்டேன். இந்த அம்பு ஒண்ணை உரிச்சுக் கொடுங்க, என் ரெண்டு கையும் மூட்டையில இருக்கு. சட்டையில, இங்க, நெஞ்சு மேல ஒட்டிக்கறேன். சின்னப் புள்ளையா இருக்கறப்ப அவ ஒட்டின இடம். தூரத்துல இருந்தே பாத்துருவா, எதுக்குன்னும் தெரிஞ்சுக்குவா.

நேரா இருக்குதுங்களான்னு பாத்துச் சொல்லுங்க.